‘சோறும் தயிருமே எனக்கு ஒவ்வாமையா, டாக்டர்?’

கரூர் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் 36 வயது வாசகி எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

“இரண்டு வருடமாகச் சாப்பிட்டவுடன் வயிறு உப்பிக்கொள்கிறது, ஏப்பம், வாய்வு. ஒரு வருடமாகத் தினமும் காலையில் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் மாத்திரை போடுகிறேன். ஆறு மாதமாகச் சாயங்காலம் ஆனால் கை, இடுப்பு, தொடை என்று இடம் மாறி மாறித் தடிப்பும் அரிப்பும் வருகிறது. முடி கொட்டுகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கூட வேலை பார்க்கும் டீச்சர் சொன்னார் என்று ஒரு முகாமில் 16,500 ரூபாய் கட்டி, 220 உணவுகளுக்கான ஒவ்வாமை டெஸ்ட் எடுத்தேன். அரிசி, கோதுமை, உளுந்து, பால், தயிர், முட்டை, வெங்காயம், தேங்காய் எல்லாம் சிவப்பில் வந்தன. நான்கு மாதமாகக் கேழ்வரகுக் கஞ்சி, ஆப்பிள், வேகவைத்த காய் மட்டும்தான். 58 கிலோவிலிருந்து 51 ஆகிவிட்டேன். உப்புசம் குறைந்திருக்கிறது; தடிப்பு குறையவில்லை. என் 5 வயது மகளுக்கு முழங்கை மடிப்பில் கரப்பான் (எக்ஸிமா) இருப்பதால், இரண்டு மாதமாக அவளுக்கும் பால், முட்டை நிறுத்திவிட்டேன். மாமியார் ‘எல்லாம் மனப்பிரமை’ என்கிறார்.”

இதோடு நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார். இந்த உணவுகளை வாழ்நாள் முழுக்க ஒதுக்க வேண்டுமா? மகளுக்கும் அதே டெஸ்ட் எடுக்கலாமா? அடுத்ததாகக் குடல் பாக்டீரியா டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள், எடுக்கட்டுமா? டெஸ்ட் தவறு என்றால் பணம் திரும்பக் கிடைக்குமா? கடிதத்தின் கடைசியில், போன மாதம் உள்ளூர் லேபில் எடுத்த சாதாரண ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் எழுதியிருக்கிறார்: ஹீமோகுளோபின் 9.8, எம்.சி.வி. (ரத்தச் சிவப்பணுவின் சராசரி அளவு) 72, ஃபெரிட்டின் 7, பி12 168, வைட்டமின் டி 14, டி.எஸ்.எச். (தைராய்டு பரிசோதனை) 3.1, மொத்த ஐ.ஜி.ஈ. 480.

சகோதரி, அந்த வண்ண ரிப்போர்ட்டைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஃபெரிட்டின் 7 என்பதை அரை வரியில் முடித்துவிட்டீர்கள். உங்களை இத்தனை நாளாகப் படுத்திவைப்பதில் பெரும்பகுதி அந்த அரை வரியில்தான் இருக்கிறது. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் இன்று ராத்திரி என்ன சாப்பிடுவது என்பதைச் சொல்லிவிடுகிறேன்: குழைந்த சோறும் கொஞ்சம் தயிரும் சாப்பிடுங்கள். வருடக்கணக்காகச் சாப்பிட்டு, உதடு வீங்காமல், மூச்சுத் திணறாமல் இருந்த உணவுகள் இவை. நான்கு மாதத்தில் ஏழு கிலோ குறைந்த உடம்புக்கு இனியும் பட்டினி கூடாது.

அந்தச் சிவப்பு எதைக் காட்டுகிறது?

ரிப்போர்ட்டின் மேல் ஓரத்தில் சின்ன எழுத்தில் ‘ஐ.ஜி.ஜி.’ என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முக்கியமான விஷயமே அதுதான். ஒவ்வாமையை உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள் ஐ.ஜி.ஈ. என்கிற வேறொரு வகை. 1960-களின் பிற்பகுதியில் அதைக் கண்டுபிடித்த பிறகுதான் ஒவ்வாமை மருத்துவத்துக்கே ஒரு தெளிவு வந்தது. ஐ.ஜி.ஜி. அப்படிப்பட்டதல்ல. நாம் ஓர் உணவைச் சாப்பிடச் சாப்பிட, அதற்கு ஐ.ஜி.ஜி. உருவாவது ஆரோக்கியமான உடம்பிலும் நடப்பதுதான். நீங்கள் ஆசிரியை என்பதால் இப்படிச் சொல்கிறேன்: வருகைப் பதிவேட்டில் ஒரு பையன் பெயருக்கு நேரே தினமும் டிக் இருந்தால் அவன் தினமும் வந்தான் என்றுதான் அர்த்தம், தினமும் சேட்டை செய்தான் என்று அர்த்தமில்லை.

ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பாருங்கள். சிவப்பில் இருப்பது எல்லாமே உங்கள் வீட்டு அடுப்படியில் தினமும் புழங்குவது. பச்சையில், ‘தாராளமாகச் சாப்பிடலாம்’ என்று வந்திருப்பதாக நீங்கள் எழுதியவை சால்மன் மீன், அவகாடோ, ஆஸ்பராகஸ், புளூபெர்ரி. இவற்றை இதுவரை கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்கிறீர்கள். உடம்பு சந்திக்காத உணவுக்கு ஐ.ஜி.ஜி. இருக்காது, அதனால் பச்சை. தூசி, மகரந்த ஒவ்வாமைக்கு வருடக்கணக்கில் ஊசி போட்டுச் சிகிச்சை எடுப்பவர்களுக்கு, உடம்பு அந்தப் பொருளுக்குப் பழகப் பழக, ஐ.ஜி.ஜி.-யின் ஒரு வகையான ஐ.ஜி.ஜி.-4 அதிகரிக்கவே செய்கிறது. அங்கே அது தேறி வருவதோடு சேர்ந்து வரும் மாற்றம்.

இது என் ஒருவனுடைய கருத்தல்ல. ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்களின் கழகம் 2008-லேயே, உணவு ஒவ்வாமையைக் கண்டறிய ஐ.ஜி.ஜி.-4 பரிசோதனை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அமெரிக்க, கனடா நாட்டு ஒவ்வாமை மருத்துவ அமைப்புகளும் அடுத்தடுத்து அதையே சொன்னன. முடியை வெட்டி அனுப்பி எடுக்கும் ‘ஒவ்வாமை’ டெஸ்ட், விரல் நுனியில் மின்கருவியை வைத்துப் பார்க்கும் டெஸ்ட் இவற்றுக்கும் ஆதாரம் கிடையாது. உங்களிடம் யாராவது இவற்றைச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

“ஆனால் லேபில் என்.ஏ.பி.எல். முத்திரை இருந்ததே” என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த முத்திரைக்கு மதிப்பு உண்டு. லேப் ஒரு பொருளைச் சரியாக அளக்கிறதா என்பதை அது சொல்லும். சரியாக அளந்த அந்தப் பொருள் உங்கள் நோயைப் பற்றி ஏதாவது சொல்கிறதா என்பது தனிக் கேள்வி. அதற்கு முத்திரை பதில் சொல்லாது.

“உப்புசம் குறைந்ததே?”

இது நியாயமான கேள்வி. உங்கள் உப்புசம் மனப்பிரமை என்று நான் சொல்ல மாட்டேன். குறைந்ததும் நிஜம். ஆனால் அதற்குக் காரணம் வேறு. நீங்கள் ஒரே நேரத்தில் பால், கோதுமை, வெங்காயம், உளுந்து நான்கையும் நிறுத்தினீர்கள். பாலில் லாக்டோஸ் இருக்கிறது. கோதுமையிலும் வெங்காயத்திலும் பருப்பு வகைகளிலும் சிறுகுடலில் முழுதாகச் செரிக்காத சில மாவுச் சத்துகள் இருக்கின்றன. அவை பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகின்றன. உணர்வு கூடுதலாக இருக்கும் குடலுக்கு அந்த வாயுவே வலியாகவும் உப்புசமாகவும் தெரியும். இதில் எதிர்ப்பு சக்திக்கு வேலையே இல்லை. பூண்டு, சுண்டல், ராஜ்மா, காலிஃபிளவர் ஆகியவையும் இதையே செய்யும்.

பெரியவர்களான பிறகு லாக்டோஸைச் செரிக்கும் என்சைம் குறைந்துபோவது நம் பக்கம் மிகவும் சகஜம். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு டம்ளர் பால் குடித்தால் கடமுடா என்று இருக்கும். தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். இதை உறுதி செய்ய மூச்சுக் காற்றில் ஹைட்ரஜனை அளக்கும் பரிசோதனை இருக்கிறது. பக்கத்தில் அந்த வசதி இல்லையென்றால், பால் மட்டும் இரண்டு வாரம் நிறுத்திப் பிறகு ஒரு டம்ளர் குடித்துப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். ஒத்துக்கொள்ளாவிட்டாலும் ஆபத்தில்லை, அளவைக் குறைத்தால் போதும்.

ஆகவே உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டு வாருங்கள். முதலில் சோறு, இட்லி, தயிர், முட்டை. அப்புறம் மூன்று நாளுக்கு ஒரு புதிய பொருள். ஒரு பழைய நோட்டில் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, வயிறு எப்படி இருந்தது, தடிப்பு வந்ததா என்று எழுதுங்கள். உங்கள் வயிற்றைப் பற்றி அந்த நோட்டு சொல்வதை எந்த லேபும் சொல்லிவிட முடியாது. அநேகமாக வெங்காயமும் பாலும் அளவு மீறினால் தொந்தரவு தரும் என்று தெரியவரும்.

சாயங்காலத் தடிப்பு

உணவு ஒவ்வாமைத் தடிப்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அந்த உணவைச் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வரும். அதே உணவைச் சாப்பிடும் போதெல்லாம் வரும். உங்களுக்கு எட்டு உணவை நிறுத்திய பிறகும் சாயங்காலம் தவறாமல் வருகிறது, ஓர் இடத்தில் வந்தது மறுநாளுக்குள் மறைந்து வேறு இடத்தில் வருகிறது. ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இந்த மாதிரித் தடிப்பை நாள்பட்ட தடிப்பு நோய் என்கிறோம். இதற்கு உணவு காரணமாக இருப்பது அபூர்வம். பலருக்குத் தோலிலுள்ள செல்கள் உடம்பின் உள்ளிருந்தே தூண்டப்படுகின்றன. சிலருக்குத் தைராய்டு எதிர்ப்புப் பொருளும் சேர்ந்து இருக்கும் என்பதால் அதைப் பார்ப்பது நல்லது. தலைவலி, முதுகுவலி என்று டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போடும் பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தடிப்பை அவை அதிகப்படுத்தக்கூடும். தூக்கத்தை வரவழைக்காத வகை அலர்ஜி மாத்திரையை, அரிக்கும்போது மட்டும் போடாமல், சில வாரங்கள் தினமும் எடுக்க வேண்டியிருக்கும்.

மொத்த ஐ.ஜி.ஈ. 480 என்பதைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். குடலில் பூச்சி இருந்தாலும், காலையில் அடுக்குத் தும்மல் இருந்தாலும், ஆஸ்துமா, கரப்பான் இருந்தாலும் அது ஏறும். எந்த உணவு என்று அது சொல்லாது. ஏதாவது ஓர் உணவின் மீது உறுதியான சந்தேகம் வந்தால், இறால் சாப்பிட்ட பத்தாவது நிமிடம் வாய் அரித்தது என்பது போல, அந்த ஒரு பொருளுக்கு மட்டும் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையோ, அதற்கான தனி ஐ.ஜி.ஈ. ரத்தப் பரிசோதனையோ எடுக்கலாம். தோல் பரிசோதனைக்கு முன் சுமார் ஒரு வாரம் அலர்ஜி மாத்திரை நிறுத்த வேண்டும். ரத்தப் பரிசோதனைக்குத் தேவையில்லை. இவற்றிலும் பாசிட்டிவ் வந்தவர் எல்லோருக்கும் ஒவ்வாமை இருக்காது. கடைசி வார்த்தை, மருத்துவமனையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடக் கொடுத்துப் பார்ப்பதுதான்.

இப்போது அந்த அரை வரிக்கு வருவோம்

ஃபெரிட்டின் என்பது உடம்பின் இரும்புச் சேமிப்பு. 15-க்குக் கீழே போனாலே சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. உங்களுக்கு 7. ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டிய இடத்தில் 9.8. படியேறினால் மூச்சு வாங்குவது, களைப்பு இரண்டும் இதனால்தான். முடி கொட்டுவதில் இதற்கும் பங்கு உண்டு, வேகமாக எடை குறைந்ததற்கும் பங்கு உண்டு.

இரும்பு எங்கே போனது? “மாதவிலக்கு ஏழு நாள் இருக்கும், கட்டி கட்டியாகப் போகும், சின்ன வயதிலிருந்தே எனக்கு அப்படித்தான்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். சின்ன வயதிலிருந்தே இருப்பதால் அது சரியென்று ஆகிவிடாது. நம் வீடுகளில் அம்மாவுக்கும் அப்படி, அக்காவுக்கும் அப்படி என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ பெண்கள் ரத்தசோகையோடு காலம் தள்ளுகிறார்கள். எனக்கு இது தீராத வருத்தம். மகப்பேறு மருத்துவரிடம் போய் ஒரு ஸ்கேன் எடுத்து, போக்கைக் குறைக்க வழி கேளுங்கள். ஒழுகும் குடத்தை அடைக்காமல் மாத்திரை மட்டும் போட்டுப் பயனில்லை.

பி12 168 என்பதும் குறைவுதான். ஆனால் கல்லீரலில் பி12 சில வருடங்களுக்கு இருப்பு இருக்கும். ஆகவே நான்கு மாதப் பத்தியம் மட்டும் இதற்குக் காரணமாக முடியாது. ஏற்கெனவே கறி, மீன் அதிகம் இல்லாத சாப்பாடு, அதோடு ஒரு வருடமாகத் தினமும் பான்டோப்ரசோல். வயிற்று அமிலம் குறைந்தால் பி12-ம் இரும்பும் ஏறுவது குறையும். இந்த மாத்திரை உங்களுக்கு இன்னும் தேவையா என்று எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள். நிறுத்தினால் சில நாள் எதுக்களிப்பு கூடலாம், அதற்காகப் பயந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டாம்.

வைட்டமின் டி 14-க்கு 60,000 யூனிட் மருந்தை வாரம் ஒன்றாக எட்டு வாரம் கொடுப்பது வழக்கம். வாரம் ஒன்று என்பதை நாளுக்கு ஒன்று என்று புரிந்துகொண்டு ரத்தத்தில் கால்சியம் எகிறிப் படுத்தவர்கள் உண்டு. சீட்டில் ‘ஞாயிறு மட்டும்’ என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முடிக்காக பயோட்டின் மாத்திரை போடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பல லேப் இயந்திரங்களின் அளவீட்டில் பயோட்டின் குழப்பம் செய்யும். 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இதைப் பற்றி எச்சரித்தது. டி.எஸ்.எச். உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். அதனால் உங்கள் 3.1-ஐ நான் அப்படியே ஏற்க மாட்டேன். மூன்று நாள் பயோட்டின் நிறுத்திவிட்டு மறுபடி எடுங்கள். ஃபெரிட்டினும் இதே போல் குறைத்துக் காட்டப்பட்டிருக்கலாமே என்று கேட்கலாம். ஹீமோகுளோபினும் எம்.சி.வி.யும் வேறு முறையில் அளக்கப்படுபவை, அவையும் இரும்புக் குறைவையே சொல்கின்றன. அதனால் அந்த முடிவில் எனக்குச் சந்தேகம் இல்லை.

எடுக்க வேண்டிய பரிசோதனைகள்

உங்களுக்குத் தேவையானவை சில மட்டுமே. ஒன்று, கோதுமைப் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான டி.டி.ஜி.-ஐ.ஜி.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை, கூடவே மொத்த ஐ.ஜி.ஏ. வட இந்தியாவில்தான் இந்த நோய் அதிகம். ஆனாலும் உப்புசமும் இரும்புக் குறைவும் சேர்ந்து இருக்கும்போது பார்த்துவிட வேண்டும். நீங்கள் நான்கு மாதமாகக் கோதுமையே தொடாததால் இன்று எடுத்தால் பொய்யாக நார்மல் என்று வரலாம். தினமும் இரண்டு சப்பாத்தி ஆறிலிருந்து எட்டு வாரம் சாப்பிட்டுவிட்டுப் பிறகு எடுங்கள்.

இரண்டு, இரைப்பையில் வாழும் எச். பைலோரி கிருமிக்கு மலத்தில் எடுக்கும் ஆன்டிஜென் பரிசோதனை. ரத்தத்தில் எடுப்பது பழைய தொற்றா, இப்போதும் இருக்கிறதா என்று சொல்லாது. இதற்கு முன் இரண்டு வாரம் பான்டோப்ரசோலும், நான்கு வாரம் ஆன்டிபயாட்டிக்கும் இல்லாமல் இருக்க வேண்டும். இந்தக் கிருமி இருந்தால் இரும்பும் பி12-ம் குறையக்கூடும் என்பதால் உங்களுக்கு இது பயனுள்ள டெஸ்ட்.

மூன்று, மலத்தில் கால்புரோடெக்டின். குடலில் அழற்சி இருக்கிறதா என்று இது காட்டும். 50-க்குக் கீழே இருந்தால் பெரிய குடல் நோய் இல்லை என்று ஓரளவு நிம்மதியாக இருக்கலாம். அதோடு பூச்சிக்குச் சாதாரண மலப் பரிசோதனை. மலத்தில் ரத்தம், ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, விழுங்கச் சிரமம் இவற்றில் எது இருந்தாலும், அல்லது ஒழுங்காகச் சாப்பிட்டும் எடை ஏறாவிட்டாலும், எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடக் கூடாது.

குடல் பாக்டீரியா டெஸ்ட் வேண்டாம். ஆராய்ச்சிக்கு அது நல்ல விஷயம். ஆனால் ஒரு தனி மனிதருக்கு அந்த ரிப்போர்ட்டை வைத்து என்ன மருந்து, என்ன உணவு என்று முடிவு செய்யும் நிலை இன்னும் வரவில்லை. நூறு டெஸ்ட் அடங்கிய பேக்கேஜும் வேண்டாம். ஆரோக்கியமான நூறு பேரில் 95 பேர் அடங்கும்படி வைப்பதுதான் நார்மல் எல்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், எந்த நோயும் இல்லாதவருக்கே ஏதாவது ஒன்று எல்லை தாண்டி வர 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதை வைத்து அடுத்த டெஸ்ட், அப்புறம் இன்னொன்று.

குழந்தை விஷயம்

இதில் மட்டும் நாளை, நாளை மறுநாள் என்று இருக்காதீர்கள். உங்கள் மகள் ஐந்து வயது வரை பாலும் முட்டையும் சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் இருந்தவள். வளரும் வயதில் புரதத்தையும் கால்சியத்தையும் நிறுத்துவதில் உள்ள நஷ்டம் உங்களுக்கே தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது: கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு, ஒத்துக்கொண்டிருந்த உணவை நீண்ட நாள் நிறுத்தினால், திரும்பக் கொடுக்கும்போது நிஜமான ஒவ்வாமையே வந்துவிடும் சாத்தியம் உண்டு. சாப்பிடச் சாப்பிடத்தான் உடம்பு அந்த உணவோடு பழகுகிறது. 2015-ல் வெளியான லீப் ஆய்வில், கடுமையான கரப்பான் அல்லது முட்டை ஒவ்வாமை இருந்த கைக்குழந்தைகளுக்குச் சீக்கிரமே வேர்க்கடலை கொடுத்தபோது வேர்க்கடலை ஒவ்வாமை பெருமளவு குறைந்தது.

எனவே இந்த வாரமே குழந்தை மருத்துவரைப் பாருங்கள். இரண்டு மாத இடைவெளிக்குப் பிறகு முதல் முறை எப்படி, எவ்வளவு கொடுப்பது என்று அவர் சொல்வார். கரப்பானுக்கு முதல் மருந்து குளித்த ஈரத்தோடு நன்றாகத் தடவும் மாய்ஸ்சரைசரும், மருத்துவர் தரும் களிம்பும். ஐ.ஜி.ஜி. டெஸ்ட் அவளுக்கு வேண்டவே வேண்டாம். எப்போதாவது ஏதாவது சாப்பிட்டு உதடு, முகம் வீங்கி, மூச்சு இரைந்து, அல்லது வாந்தியோடு துவண்டுபோனால் வீட்டில் மாத்திரை கொடுத்துக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். அப்போது தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் உயிர் காக்கும்.

பணம்

நான் வக்கீல் இல்லை, ஆனாலும் கேட்டதால் சொல்கிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். 1915 உதவி எண்ணில் முதலில் பேசிப் பாருங்கள். ‘டெஸ்ட் சரியாகத்தான் செய்தோம்’ என்று லேப் சொல்லும், அதில் பொய்யும் இருக்காது. உங்கள் பக்கம் வலுவானது அந்த முகாமில் கொடுத்த நோட்டீஸ். ‘ஒவ்வாமையைக் கண்டறியும்’ என்று அதில் அச்சடித்திருந்தால், ரசீதோடு பத்திரமாக வைத்திருங்கள். பணம் வந்தாலும் வராவிட்டாலும், புகார் பதிவானால் அடுத்த முகாமில் பேசுவதற்கு முன் அவர்கள் யோசிப்பார்கள். ஆனால் இதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் மாமியாரிடம் ஃபெரிட்டின் எண்ணைக் காட்டுங்கள். மனப்பிரமையால் ஹீமோகுளோபின் 9.8-க்கு இறங்காது என்று ஒரு டாக்டர் எழுதியிருக்கிறார் என்று சொல்லுங்கள். முருங்கைக்கீரையும், ஒத்துக்கொண்டால் ஆட்டு ஈரலும் அவர் கையால் சமைத்துத் தந்தால் நல்லதுதான். ஆனால் 7-ல் இருக்கும் ஃபெரிட்டினைச் சாப்பாட்டால் மட்டும் ஏற்ற முடியாது. இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். டீ, காபி, பால் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தள்ளியிருக்கட்டும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். வயிற்றைப் புரட்டினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்று கேளுங்கள். அப்படிப் போட்டாலும் நன்றாகவே ஏறுகிறது. ஒரு மாதம் கழித்து ஹீமோகுளோபின் மட்டும் பாருங்கள். ஒரு கிராமுக்கு மேல் ஏறியிருந்தால் சரியான வழியில் போகிறீர்கள், ஹீமோகுளோபின் நார்மலுக்கு வந்த பிறகும் சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் தொடருங்கள். ஏறவே இல்லையென்றால் மாத்திரையை மாற்றிக்கொண்டிருக்காமல், குடல் அதை உறிஞ்சுகிறதா என்று பார்க்க இந்தக் கடிதத்தையும் உணவு நோட்டையும் எடுத்துக்கொண்டு ஒரு குடல் மருத்துவரிடம் போங்கள்.